பெரிய மார்க்கெட்டை என்ன செய்வது?

நேரு வீதியில் பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் இன்று வண்டிகள் நிற்கின்றன. சிறை காலாப்பட்டுக்குப் போன பிறகு ஊரின் நடுவில் பெரிய மனை ஒன்று அரசின் கையில் மிஞ்சியது. நூலகம் வந்திருக்கலாம், கைவினைஞர்களுக்கு ஒரு கூடம் வந்திருக்கலாம், நாலு மரம் நட்டுப் பெஞ்சு போட்டிருந்தாலும் போதும். வாகன நிறுத்தம்தான் வந்தது. புதுச்சேரியின் நடுப்பகுதியைப் பற்றி யார் திட்டம் போட்டாலும் எனக்கு முதலில் இந்த மனைதான் நினைவுக்கு வருகிறது. இருப்பதை அகற்றுவதற்கு ஓர் உத்தரவு போதும். அகற்றிய இடத்தில் என்ன வரும், யாருக்கு வரும் என்பதை அகற்றும் நாளில் யாரும் எழுதிவைப்பதில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் பெரிய மார்க்கெட். அரசு ஆவணங்களில் குபேர் அங்காடி. 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது. கிராண்ட் பஜார் என்ற பழைய பெயரும் உண்டு. ஊர்க்காரர்களின் வாயில் என்றும் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, காந்தி வீதி, பாரதி வீதி என்று நான்கு வீதிகள் சூழ நடுவே நிற்கிறது, அதற்குள் மணிக்கூண்டு. 1693-ல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699-ல் திருப்பித் தரும்வரை இங்கிருந்த ஆறு ஆண்டுகளில் வரைந்த கட்டம் கட்டமான நகர அமைப்புதான் இன்றும் இந்த வீதிகளுக்கு அடிப்படை. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகும் பழைய வீதிக் கோடுகளின் மேலேயே ஊர் திரும்ப எழுந்தது. நேரு வீதிக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் துய்ப்ளே வீதி என்று பெயர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இதே மார்க்கெட்டை ஒட்டி ஓடும் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. அந்த நாட்குறிப்பில் போரும் அரசியலும் வருவதைப் போலவே சரக்கும் விலையும் கப்பல் வரவும் வருகின்றன. வாங்கி விற்பதுதான் இந்த ஊரின் நடுப்பகுதிக்கு ஆதியிலிருந்தே தொழில்.

காலையில் உள்ளே போனால் மூக்குதான் வழி சொல்லும். ஒரு திருப்பத்தில் மல்லியும் சம்பங்கியும், அடுத்ததில் வெற்றிலை, அதற்கடுத்து கருவாடு. பூ விற்கும் அக்கா ஒருவரின் இடத்தைக் கண்ணால் அளந்து பார்த்தேன். அகலம் மூன்றடிக்கு மேல் இராது. ஒரு பலகை, ஈரச் சாக்கு போர்த்திய கூடை, நூல்கண்டு, கம்பியில் தொங்கும் பைகள், தூணில் நூலால் கட்டிய க்யூஆர் அட்டை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை முழம் போட்டுக்கொண்டே, வந்து நின்றவரிடம் மகள் கல்யாணம் எப்போது என்று கேட்கிறார். இந்த மூன்றடிக்கு எந்தக் கட்டட வரைபடத்திலும் தனிக் கோடு கிடையாது. நகராட்சிக்கு வாடகை கட்டும் நிலைக்கடைகள் ஒரு வகை. அன்றன்றைக்கு அடிக்காசு கட்டித் தரையில் உட்கார்ந்து விற்பவர்கள் இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிழைப்புகள். வாங்க வருபவருக்கோ இரண்டும் ஒரே மார்க்கெட்.

அந்த மார்க்கெட் சீராக இல்லை என்பதும் உண்மை. மழை வந்தால் கூரை ஒழுகுகிறது. மின்கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாத சந்துகளுக்கு மேலே அப்படிக் கம்பிகள் தொங்குவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். சாக்கடை அடைத்தால் மீன் பக்கம் நடக்க முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை வசதி போதாது. வாடிக்கையும் மாறிவிட்டது. குடியிருப்புகள் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் பெருகின. துணிக்கடைகள் பெரிய சாலைகளுக்கு இடம் பெயர்ந்தன. கடலூர் சாலையில் மால் வந்தது. மளிகை கைப்பேசி வழியே வீட்டு வாசலுக்கு வருகிறது. மார்க்கெட்டுக்குள் வண்டி நிறுத்த இடமில்லை என்பதாலேயே வராதவர்கள் ஏராளம்.

2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தபோது பெரிய மார்க்கெட்டும் திட்டத்துக்குள் வந்தது. மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, அதுவரை வியாபாரிகளை ஏ.எஃப்.டி. ஆலைத் திடலுக்கு மாற்றுவது என்பது யோசனை. வியாபாரிகள் எதிர்த்தார்கள், கடையடைத்தார்கள், பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்று கேட்டார்கள். ஸ்மார்ட் சிட்டி காலக்கெடு 2025 மார்ச்சில் முடிந்தபோதும் பழைய மார்க்கெட் நின்றுகொண்டிருந்தது. இதை முன்னேற்றத்துக்கு எதிரான பிடிவாதம் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். வியாபாரிகளின் பயத்துக்கு உள்ளூரிலேயே கணக்கு இருக்கிறது. கடற்கரைச் சாலையில் 1870-71-ல் கட்டிய மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, திறந்தது 2021-ல். நல்ல வேலை, ஊர் பெருமைப்படலாம். ஆனால் ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது. ஒரு நகராட்சிக் கட்டடம் ஆறு ஆண்டு காத்திருக்கும். அழுகும் பொருளை விற்பவருக்கு ஆறு மாதமே அதிகம். வாடிக்கையாளர் அதற்குள் வேறு கடையைப் பழகிவிடுவார்.

நடுநகர வணிக வளாகங்கள் நொடிப்பதும் அவற்றை வேறு வேலைக்குத் திருப்புவதும் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. மூடிய கூரைக்குள் குளிரூட்டிய மால் என்ற வடிவத்தை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் குருயென். மினசோட்டாவில் அவர் கட்டிய சவுத்டேல் 1956-ல் திறந்தது. மக்கள் கூடிப் பழகும் ஊர் நடுவை அவர் கனவு கண்டார். கார் நிறுத்தங்களுக்கு நடுவே கடைகள் மட்டும் வளர்ந்ததைப் பார்த்துப் பிற்காலத்தில் அந்த வடிவத்தையே கைவிட்டுப் பேசினார். அப்படி வளர்ந்த மால்கள் பல பிறகு காலியாயின. நாஷ்வில் நகரில் ஒன்றின் பெரும்பகுதியை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2009 வாக்கில் மருத்துவ மையமாக்கியது. ஆஸ்டின் நகரின் ஹைலண்ட் மாலை அங்குள்ள சமுதாயக் கல்லூரி துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து வகுப்பறைகளாக மாற்றியது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: முடிவெடுக்க ஒரே கை இருந்தது, அல்லது சிதறிய உரிமையைச் சேர்த்து அந்த ஒரு கையை முதலில் உண்டாக்கினார்கள்.

அந்த ஒரு கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவைப் பார்க்கலாம். 1890-களில் எழுந்த சிவப்புக் கட்டடமான பழைய ஸ்பென்சர் 1980-களின் தொடக்கத்தில் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் 1990-களில் வந்த பிளாசாவுக்குப் போகாத சென்னைக்காரர் அந்நாளில் குறைவு. புத்தகத்துக்கு லேண்ட்மார்க், பாட்டுக்கு மியூசிக் வேர்ல்டு, காஷ்மீரச் சால்வைக் கடைகள். வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்களும் உண்டு. பிறகு 2006-ல் சிட்டி சென்டர், 2009-ல் ஸ்கைவாக், 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரி பீனிக்ஸ் என்று வரிசையாக வந்தன. வாசலில் மெட்ரோ வேலை பல ஆண்டு நடந்தது. இவை எல்லாம் சேர்ந்து அடித்தன. எழ முடியாமல் போனதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதன் கடைகளில் பெரும்பங்கு தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள், எந்தத் தளத்தில் என்ன வரவேண்டும் என்று ஒருமித்துச் சொல்ல ஆளில்லை. பராமரிப்புக்கே ஒத்துப்போகாதவர்கள் புதுப்பிக்க எப்படி ஒத்துப்போவார்கள்? அலுவலகங்கள் வந்தன, சில கடைகள் தாக்குப்பிடிக்கின்றன, சாத்திய ஷட்டர்கள் அதிகம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கே உரிமை ஒரே கையில் இருக்கிறது, நகராட்சியின் கையில். மனை பொதுச் சொத்து, கடைக்காரர்கள் வாடகைதாரர்கள். இது பெரிய பலம்: ஸ்பென்சரால் செய்ய முடியாததை இங்கே செய்ய முடியும். ஆபத்தும் அந்த ஒரு கையில்தான். முடிவெடுப்பது எளிது என்பதால், உள்ளே இருப்பவர்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட முடியும். ஸ்பென்சரில் கட்டடம் இருக்கிறது, ஆட்கள் இல்லை. அதனால் அங்கே புதுப் பயன்பாடு தேட வேண்டும். இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கட்டடம்தான் தளர்ந்துவிட்டது. இந்த இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து எழுதுவதே நம் திட்ட அறிக்கைகளின் அடிப்படைத் தவறு என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சு வேர்களைப் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. அதனால் பாரிஸ் என்ன பாடு பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். பாரிஸின் நடுவில் லே ஆல் என்ற மொத்தச் சந்தை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் பால்தார் இரும்பும் கண்ணாடியும் கொண்டு அதற்குக் கூடங்கள் அமைத்தார். நெரிசல், சுகாதாரம் என்று காரணம் சொல்லி 1969-ல் சந்தையை நகருக்கு வெளியே ருங்கிஸுக்கு மாற்றினார்கள். 1971-ல் கூடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பிறகு பல ஆண்டுகள் அங்கே இருந்தது ஒரு மாபெரும் பள்ளம். பாரிஸ்காரர்கள் அதை லே ஆல் பள்ளம் என்றே அழைத்தார்கள். 1979-ல் பூமிக்கடியில் ஒரு மால் திறந்தது. அதுவும் ஊர்க்காரர்களின் மனதில் ஒட்டவில்லை. மறுபடி மாற்றிக் கட்டி, மேலே கண்ணாடிக் கூரை போட்டு 2016-ல் திறந்தார்கள். இடிக்காமல் தப்பிய கூடம் ஒன்றைப் பிரித்து எடுத்து நோழான் என்ற பக்கத்து ஊரில் நிறுத்தினார்கள். அங்கே அது கலை அரங்காக இன்றும் பயன்படுகிறது. இரும்பும் கண்ணாடியும் இன்னும் உழைத்திருக்கும் என்பதற்கு அந்த ஒரு கூடமே சாட்சி.

சென்னையிலும் சான்று உண்டு. 1900 வாக்கில் எழுந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் அழிந்தது. பழைய புத்தகக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. தூரம் அதிகமில்லை. பழைய மூர் மார்க்கெட்டின் கூட்டம் மட்டும் அங்கே வந்து சேரவில்லை. கொத்தவால்சாவடியின் மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேடு போனதை எல்லோரும் வெற்றி என்பார்கள். லாரிகளுக்கும் மூட்டைகளுக்கும் அது வெற்றிதான். மொத்த வியாபாரத்தை இடம் மாற்றலாம், ஏனென்றால் வாங்குபவரும் வியாபாரி, சரக்கைத் தேடி அவர் வருவார். சில்லறையை அப்படி நகர்த்த முடியாது. கோயிலுக்குப் போகிற வழி, பஸ் இறங்குகிற இடம், கோழி வாங்கிவிட்டுக் கொத்துமல்லி எடுத்துப்போகும் நாலு எட்டு தூரம், இவற்றின் மேல் நிற்பது அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நவீன மீன் அங்காடி கட்டி, பெரிய மார்க்கெட்டின் மீன் ஏலத்தை அங்கே கொண்டுபோக அரசு முயன்றபோது மீனவப் பெண்கள் மறித்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் வைத்து அப்படியே சில்லறைக்கு உட்காரும் பெண்ணுக்கு ஏலமும் சில்லறையும் தனித்தனி ஊரில் நடந்தால் ஆட்டோ வாடகையிலேயே லாபம் கரைந்துவிடும்.

மக்களை வைத்துக்கொண்டே பழையதைச் சரிசெய்யும் வித்தை புதுச்சேரிக்குப் புதிதில்லை. கால்வே சுப்பராயச் செட்டி வீதி, ஊர்வழக்கில் வைசியாள் வீதி. திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2002-ஐ ஒட்டி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பும் அரசும் அங்கே வேலை தொடங்கின. இத்தாலியின் ஊர்பினோவும் பிரான்சின் வில்பிரான்ஷ்-து-ரூவெர்க்கும் கூட்டு நகரங்கள். வீட்டுக்காரர்களை வெளியேற்றவில்லை. செலவை அவர்களோடு பகிர்ந்துகொண்டு வீதி முகப்பை வரிசையாக மீட்டார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. மேரியைத் திரும்பக் கட்டிய கைகளும் வைசியாள் வீதியை மீட்ட அனுபவமும் இந்த ஊரிலேயே இருக்கும்போது, மார்க்கெட்டுக்கு மட்டும் இடிப்பு ஒன்றே வழி என்று ஏன் தொடங்க வேண்டும்?

ஏ.எஃப்.டி. பற்றியும் பேசியாக வேண்டும். நடுநகர வியாபாரம் மெலிந்ததில் பாதிக் கதை அங்கே இருக்கிறது. 1898-ல் ரோடியர் மில்லாகத் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுதேசி, பாரதி ஆகிய மூன்று ஆலைகளும் இந்த ஊருக்குச் சம்பள நாள் என்ற ஒன்றைத் தந்தவை. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மேல் 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் மாண்டது இந்த ஊர் மில் வரலாற்றில்தான். அரசு 1986-ல் ஏ.எஃப்.டி.யை எடுத்து நடத்தியது. 2011 கடைசியில் தானே புயல் ஆலையைச் சிதைத்தது. 2020 ஏப்ரல் 30-ல் முழுதாக மூடினார்கள். மாதா மாதம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நிச்சயமாக வந்துகொண்டிருந்த பணம் நின்றால், அரிசிக்கடையும் துணிக்கடையும் பாத்திரக்கடையும் அதைத் தாங்கத்தான் வேண்டும். சனி ஞாயிறு சுற்றுலாக்காரர் அந்த இடத்தை நிரப்புவதில்லை. அவர் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன் படம் எடுக்கிறார், காபி குடிக்கிறார்; அவர் வீட்டுக்குப் பருப்பும் பூசணியும் பெரிய மார்க்கெட்டிலிருந்து போகாது. ஆகவே சுற்றுலாவை நம்பி மார்க்கெட்டை வடிவமைத்தால் அது நினைவுப்பொருள் கடைகளாகத்தான் முடியும்.

உள்ளூர்க் கூட்டம் எங்கே வருகிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் நடந்தால் போதும். மற்ற நாட்களில் திறந்திருக்கும் கடைகள் அன்று சாத்தியிருக்கும். சாத்திய ஷட்டர்களுக்கு முன்னால் சண்டே மார்க்கெட் விரிந்துவிடும். சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஒரே வீதியை இரண்டு விதமான வியாபாரம் நாள் பிரித்துப் பயன்படுத்துகிறது. எந்த ஆலோசகரும் வரைந்து தராத ஏற்பாடு இது. நாட்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேலாக நடக்கும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்பது அதன் அட்டவணையில் இருக்கிறது. ஊர் வியாபாரக் குழுவில் பத்தில் நான்கு பங்கு இடம் தெருவோர வியாபாரிகளுக்கு; அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அடிக்காசு கட்டும் அக்காவுக்கு இந்தச் சட்டத்தை யாராவது தமிழில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

என் யோசனை பெரிய பணம் கேட்பதில்லை. மார்க்கெட்டை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கால்பகுதியில் மட்டும் வேலை: முதலில் சாக்கடை, மின்சாரம், தீத்தடுப்பு, கழிப்பறை, பிறகு கூரை, அதற்குப் பிறகே அழகு. அந்தக் கால்பகுதியின் வியாபாரிகளை அதுவரை எங்கே வைப்பது? ஏ.எஃப்.டி. திடலுக்கு அனுப்ப வேண்டாம். பழைய சிறை மனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தற்காலிகக் கொட்டகை போடலாம். வாடிக்கையாளர் சில நிமிடம் கூட நடந்தால் தன் கடைக்காரரைப் பார்த்துவிடுவார். அங்கே நிற்கும் வண்டிகள் ஏ.எஃப்.டி. திடலுக்குப் போகட்டும், அங்கிருந்து மார்க்கெட்டுக்குச் சிற்றுந்து ஓடட்டும். வண்டியைத் தூரத்தில் நிறுத்தலாம், அது பட்டினி கிடக்காது. இதைச் சொன்னால் பார்க்கிங் போய்விடுமே என்று கவலைப்படுவார்கள். மார்க்கெட்டே போய்விட்டால் யாருக்காகப் பார்க்கிங்?

வேலை முடிந்த பகுதிகளில் மூடிக்கிடக்கும் கடைகள் எவை என்று அப்போது தெரியவரும். அவற்றைப் புதுப் பயன்பாட்டுக்குத் தரலாம்: பெண்கள் வேலைக்கு வரும்போது பிள்ளைகளை விட ஓர் அறை, காய்கறிக்குச் சிறு குளிர்க்கிடங்கு, வேலை இழந்த மில் குடும்பங்களின் தையல் கூடம். மாலுக்குப் பொருத்தமான மாற்றுப் பயன்பாடு என்று உலகம் பேசுவதை இந்த அளவில் இங்கே செய்யலாம், ஆள் இருக்கும் இடத்தைத் தொடாமல்.

எதற்கும் முன்பாக நகராட்சி ஒரு காரியம் செய்யட்டும். கடை எண், உள்ளே விற்பவரின் பெயர், சதுர அடி, இன்றைய வாடகை அல்லது அடிக்காசு, வேலை முடிந்ததும் அவர் திரும்ப வரும் இடம், தேதி, அப்போதைய வாடகை. பூ விற்கும் அக்காவின் மூன்றடி உட்பட எல்லாம் அடங்கிய பட்டியலைத் தமிழில் அச்சடித்து, அதிகாரி கையெழுத்திட்டு, நேரு வீதி வாசலில் ஒட்டட்டும். அந்தத் தாள் சுவரில் ஏறுகிற நாள்வரை ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம்.